மருந்துக்கு முன்பே இருந்தவை



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஆண்டுக்கு ஒருமுறை புற்றுநோய் பற்றி, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும் தமிழில் ஒருவர் பேச வேண்டும். இந்த ஆண்டு அந்தப் பொறுப்பை எனக்குத் தந்ததற்கு நன்றி. ரத்தநோய் மருத்துவனாக வேலை பார்த்த காலம் முழுவதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"மொதல்ல நல்லா கேட்டுச்சே டாக்டர், இப்ப ஏன் மருந்து கேக்கல? ஒடம்பு பழகிருச்சா?"

இதைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. கூட வந்த தாய், அல்லது மனைவி, அல்லது மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் அண்ணன். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கேள்வி இதற்குள் இருக்கும். எங்கள் மேல் தவறா? பத்தியத்தில் குறை வைத்துவிட்டோமா? நடுவில் ஒரு நாட்டுமருந்து கொடுத்தோமே, அதனாலா? குழந்தைக்கு நோய் திரும்பிய பிறகு தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்ட தாய்மார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிட்டு, அது எப்படித் தெரிய வந்தது என்பதை விரித்துச் சொல்கிறேன். உடம்பு பழகுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத செல்கள் சில, முதல் ஊசி போடும் முன்பே பெரும்பாலும் அங்கே இருக்கின்றன.

இந்த உண்மையைக் கண்டுபிடித்த கதையின் தொடக்கம் நம் ஊருக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. 1920களின் முடிவில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். பிறகு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனைதான் அது. ஈஸ்ட் சாற்றில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று அவர் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. ரத்தச் செல்கள் பெருக அது வேண்டும்.

அதே திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்து, பிறகு அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் குழந்தைகளின் நோயியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்வதுபோலத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன ஆகும்? சுப்பாராவின் குழு அந்த அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்டு, அதன் வேலையைச் செய்யவிடாத அமினாப்டெரின் என்ற மருந்தைச் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் தன் அறிக்கையை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. அதற்கு முன்னால் அந்த நோய் வந்த குழந்தைக்கு வலி குறைப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. ரத்தத்தில் கெட்ட செல்கள் மறைந்து, மண்ணீரல் வீக்கம் வற்றி, குழந்தை எழுந்து விளையாடியதை அந்த மருத்துவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

சில மாதங்களில் நோய் திரும்பியது. இந்தமுறை மருந்து கேட்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். அமினாப்டெரினுக்கு அடுத்து அவர் ஆய்வகத்திலிருந்து வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் எங்கள் கையில் அன்றாடம் புழங்குகிற மருந்து.

ஏன் திரும்பியது? அன்றைக்கு இரண்டு விளக்கங்களுக்கு இடம் இருந்தது. மருந்தைச் சந்தித்த செல்கள் மெல்ல மெல்ல அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டன என்பது ஒன்று. நாம் சொல்லும் "பழகிருச்சு" இதுதான். கட்டுப்படாத செல்கள் ஏற்கெனவே தற்செயலாகத் தோன்றியிருந்தன, மருந்து மற்றவற்றை அழித்ததும் அவை மட்டும் மிஞ்சிப் பெருகின என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிய ஓர் அழகான வழியை 1943இல் லூரியா, டெல்புருக் என்ற இருவர் பாக்டீரியாவில் செய்து காட்டியிருந்தார்கள். பல குழாய்களில் தனித்தனியாக பாக்டீரியாவை வளர்த்து, பிறகு ஒவ்வொன்றின் மேலும் அதைக் கொல்லும் வைரஸை ஊற்றினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகே எதிர்ப்பு பிறக்கிறது என்றால், எல்லாக் குழாயிலும் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. பலவற்றில் ஒன்றுமே தப்பவில்லை, சிலவற்றில் நூற்றுக்கணக்கில் தப்பின. வைரஸ் வருமுன்பே, முன்னோர் ஒன்றில் தற்செயலாகப் பிழை நேர்ந்து, அதன் வாரிசுகள் பெருகியிருந்த குழாய்கள்தான் அவை. 1952இல் லாயிட் லா என்பவர் இதே சோதனையை எலிகளின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களிலும் செய்தார். அவர் பயன்படுத்திய மருந்து சுப்பாராவின் வழியில் வந்த ஃபோலிக் அமிலத் தடுப்பு மருந்து. விடை அதேதான். வலையின் கண்ணில் நழுவும் பொடிமீன் வலையைக் கண்டு உடம்பைச் சுருக்கிக்கொண்டது இல்லையே. அது வலை விழும் முன்பே பொடிமீன்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். நம் மரபுத் தொடரில் ஒரு பிரதிக்கு 300 கோடி எழுத்துகள். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்தத் தொடர் முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது; அதில் ஓரிரு எழுத்துகள் பிழையாவது இயல்பு. பெரும்பாலான பிழைகளால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் 100 கோடி செல்கள் சேர்வதற்குள், எந்த ஓர் எழுத்தைச் சொன்னாலும் அது பிழையான செல் ஒன்றாவது எங்கோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கையால் தொட்டு உணரும் அளவுக்குக் கட்டி வளரும்போதே, நாளை நாம் கொடுக்கப்போகும் மருந்துக்கு அடங்காத செல் அதில் இருக்கக்கூடும். இதில் தாயின் சமையலுக்கும் பத்தியத்துக்கும் பங்கே இல்லை.

செல்கள் தப்பும் வழிகள் பல. 1976இல் டொராண்டோவில் விக்டர் லிங்கும் உடனிருந்தவர்களும், செல்லின் உறையில் இருந்துகொண்டு மருந்தை உள்ளே வர வர வெளியே இறைத்துவிடும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். 1978இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கியின் குழு, மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அடங்காத செல்களைப் பிரித்துப் பார்த்தது. அந்த மருந்து எந்த நொதியைத் தடுக்கிறதோ, அந்த நொதிக்கான மரபணு அவற்றில் ஒன்றுக்குப் பல படிகளாகப் பெருகிக் கிடந்தது. மருந்து எவ்வளவு தடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

எதிர்ப்பு முன்பே இருக்கிறது என்றால் அதை முறியடிக்கும் ஏற்பாடும் முன்பே வேண்டும். நோய் திரும்பிய பிறகு மருந்து மாற்றுவது பெரும்பாலும் காலம் கடந்த காரியம். இந்தப் பாடத்தைப் புற்றுநோய் மருத்துவம் காசநோயிடமிருந்து கற்றது என்பதே என் கருத்து. 1948இல் பிரிட்டனில் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்த சோதனையில் நோயாளிகள் ஆறு மாதம் நன்றாகத் தேறினார்கள். கிருமி அடங்காமல் போனதும் தேறியவர்கள் மறுபடி படுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சாவு எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. கூடவே இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி பத்து லட்சத்தில் ஒன்று, இன்னொன்றுக்கு அடங்காதது பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் சேர்த்து அடங்காதது லட்சம் கோடியில் ஒன்றுதான்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்ற இருவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். நச்சை நச்சோடு சேர்த்துக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று சக மருத்துவர்களே கோபப்பட்டார்கள். ரத்தத்தில் நோய் அடங்கியது. பிறகு பல குழந்தைகளுக்கு மூளையைச் சூழ்ந்த உறையில் திரும்பியது. அங்கே அந்த மருந்துகள் போதுமான அளவில் எட்டவே இல்லை; அங்கிருந்த செல்கள் அடங்காதவை அல்ல, மருந்தைச் சந்திக்காதவை. மெம்ஃபிஸில் டொனால்ட் பிங்கெல், மூளைக்குக் கதிர்வீச்சும் முதுகுத்தண்டு வழியே மருந்தும் கொடுத்து அந்த மறைவிடத்தையும் மூடினார். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள். அடிப்படை மருந்துகளில் பல இன்றும் அதே பழைய மருந்துகள். சேர்க்கும் முறையும், கொடுக்கும் காலமும், சென்று சேரும் இடமும்தான் மாறின.

இனி என் வாழ்நாள் வேலையான நோய்க்கு வருகிறேன். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், எங்கள் வார்டு பேச்சில் சி.எம்.எல். பெரும்பாலும் நடுவயதுக்காரர்களுக்கு வரும். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று வருவார்கள்; தொட்டால் மண்ணீரல் தொப்புள்வரை இறங்கியிருக்கும்; வெள்ளணு எண்ணிக்கை லட்சங்களில் இருக்கும். 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரவ்லி, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டதே அதற்குக் காரணம் என்று விளக்கினார். அந்த ஒட்டில் உண்டாகும் கலப்பு மரபணு ஒரு நொதியைச் செய்கிறது. ஓயாமல் "பெருகு, பெருகு" என்று சொல்லும் நொதி. அதை மட்டும் தடுக்கும் மாத்திரைதான் இமாடினிப். பாசலில் நிகோலஸ் லைடனும் அவரோடு இருந்த வேதியியலாளர்களும் செய்தது. ஓரிகனில் பிரையன் ட்ரூக்கர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அளவுகள் சரியாயின. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மாத்திரை விழுங்கிப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதா என்று உலகமே வியந்தது.

அந்தக் கோடை முடிவதற்குள் சார்லஸ் சாயர்ஸின் ஆய்வகத்திலிருந்து அடுத்த செய்தி வந்தது. மாத்திரைக்கு முதலில் கட்டுப்பட்டு, பிறகு நோய் திரும்பியவர்களின் செல்களை அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் நோய் முற்றிய கட்டத்தில் இருந்தவர்கள். சிலருக்குக் கலப்பு மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தது. ஷிம்கி 1978இல் கண்ட அதே வழி. 9 பேரில் 6 பேருக்கு நொதியின் 315ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. த்ரியோனின் இருந்த இடத்தில் ஐசோலூசின். மரபுத் தொடரில் ஓர் எழுத்தின் பிழை, அவ்வளவுதான். த்ரியோனினைப் பற்றிக்கொண்டுதான் இமாடினிப் அந்த நொதிக்குள் நிற்கும். ஐசோலூசினில் பற்றிக்கொள்ள இடம் இல்லை. பருத்து வழியையும் மறிக்கிறது. இந்த நுட்பம் விளங்கியதற்குக் காரணம், நொதிக்குள் இமாடினிப் எப்படிப் பொருந்துகிறது என்பதை ஒரு வருடம் முன்னதாகவே ஜான் குரியன் படமாக்கிக் காட்டியிருந்ததுதான். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பைத் தொடங்கி, பிறகு அமெரிக்கா சென்று படித்தவர்.

மருத்துவனாக என்னை அதிகம் பாதித்தது அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வு. பிரான்சில் ஒரு குழு, எதிர்ப்பு வந்த நோயாளிகளுக்கு மாத்திரை தொடங்கும் முன்பு எடுத்துச் சேமித்திருந்த பழைய ரத்த மாதிரிகளை வெளியே எடுத்துப் பார்த்தது. அவர்களில் சிலருடைய மாதிரியில், இமாடினிப் ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத நாளிலேயே, அதே பிழை மிகச் சிறிய அளவில் இருந்தது. லாயிட் லா எலிகளில் கண்டதை அரை நூற்றாண்டு கழித்து மனிதரின் ரத்தத்தில் கண்ணால் பார்த்தார்கள். அந்தச் சிறுத்த குரோமோசோமைக் கண்ட பீட்டர் நோவெல் 1976இலேயே, புற்றுநோய் என்பது ஒரே மாதிரியான செல்களின் கூட்டம் அல்ல, உள்ளேயே வேறுபட்டுத் தேர்வுக்கு உள்ளாகும் ஒரு வம்சம் என்று எழுதியிருந்தார். தான் ஆராய்ந்த நோயிலேயே அது மெய்யாவதை அவர் இருந்து பார்த்தார்.

அதன்பின் மருந்துகள் வரிசையாக வந்தன. 2006இல் டாசாடினிப், அடுத்த ஆண்டு நிலோடினிப். இமாடினிபைத் தாண்டிய பிழைகளில் பெரும்பாலானவற்றை இவை அடக்கின, 315ஐத் தவிர. அந்த ஐசோலூசினின் பருமனில் இடிபடாமல் மெலிந்து நுழையும்படி வடிவமைத்த பொனாடினிப் 2012இல் வந்தது. ஆனால் அது சிலருக்கு ரத்தக்குழாய்களை அடைத்ததால் அடுத்த ஆண்டே விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு திரும்பியது. 2021இல் வந்த அசிமினிப் வேறு வழியே போகிறது. நொதியின் அந்த இடத்தையே விட்டுவிட்டு, இன்னொரு பள்ளத்தில் உட்கார்ந்து அதை முடக்குகிறது. நுரையீரல் புற்றுநோயிலும் கதை ஏறத்தாழ இதுதான்: முதல் மாத்திரைகளைத் தாண்டிய பிழை அங்கும் அமைப்பில் இதே இடத்தில், த்ரியோனினின் மாற்றமாகவே வந்தது, அதற்கென்று செய்த ஓசிமெர்டினிபையும் தாண்டும் பிழைகள் வந்துவிட்டன. ஃபுளோரிடாவில் ராபர்ட் கேட்டன்பி போன்றவர்கள், கட்டுப்படும் செல்களைக் கொஞ்சம் விட்டுவைத்து அவற்றைக் கொண்டே அடங்காதவற்றை நெருக்கலாம் என்று புராஸ்டேட் புற்றுநோயில் மருந்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிந்திக்க வைக்கும் யோசனை. முற்றிய நோயில், மருத்துவர் கண்காணிப்பில் நடக்கும் ஆய்வு அது. இதைக் கேட்டு யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அப்படி நிறுத்துவதைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

சி.எம்.எல். நோயில் மாத்திரை கேட்காமல் போவதற்கு, ஆய்வகம் கண்ட நுட்பமான காரணங்களைவிடப் பரவலான காரணம் ஒன்று உண்டு. மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. 2010இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் ஒரு மின்சில்லைப் பொருத்தினார்கள். புட்டி எப்போது திறக்கப்பட்டது என்று அது குறித்துக்கொள்ளும். 90 விழுக்காட்டுக்கு மேல் ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களில் 94.5 விழுக்காட்டினருக்கு ஆறு ஆண்டில் நோய் மரபணு அளவிலேயே ஆழமாகக் குறைந்தது. 90 அல்லது அதற்குக் கீழே போனவர்களில் அந்த அளவு 28.4 விழுக்காடு. மாதத்தில் நான்கு நாள் விட்டுப்போனாலே ஒருவர் 90க்குக் கீழே இறங்கிவிடுகிறார். இது லண்டனில், மருந்து இலவசமாகக் கிடைக்கும் ஊரில். நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் 500க்கும் மேற்பட்ட சி.எம்.எல். நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2011இல் எழுதிய கட்டுரையில், பத்தில் மூன்று பேர் மாத்திரையை ஒழுங்காகத் தொடரவில்லை என்றும், அவர்களின் நோய்க்கட்டுப்பாடு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைவு என்றும் காட்டியிருக்கிறார்கள்.

ஏன் விடுகிறார்கள்? "நல்லாத்தானே சார் இருக்கேன்" என்பது முதல் காரணம். இந்த நோய் அடங்கியிருக்கும்போது ஒரு தொந்தரவும் தராது; தொந்தரவைத் தருவது மாத்திரைதான். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், காலையில் கண் இமை வீங்கும், வாந்தி வரும், தோல் வெளுக்கும். வெளுத்த முகத்தைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்வியைத் தாங்க முடியாமல் நிறுத்திய பெண்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் ஆகும் வரை பிறந்த வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட்ட பெண், புகுந்த வீட்டில் எங்கே ஒளிப்பாள்? கருவுற்ற காலத்தில் இமாடினிப் எடுக்கக் கூடாது என்பது உண்மை. முறையாகத் திட்டமிட வேண்டிய அந்தப் பேச்சை மருத்துவரிடம் தொடங்கவே கூசி, தானாக நிறுத்திவிட்டு ஒன்றரை வருடம் கழித்து முற்றிய நிலையில் வந்தவர்களும் உண்டு. மாதாமாதம் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அறுவடைக் காலத்தில் வரமாட்டார்கள். கையில் இருக்கும் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு இழுத்துப் பிடிப்பார்கள். இவர்களைப் பார்த்து "உனக்கு அக்கறை இல்லை" என்று சீறும் மருத்துவர், தன் பங்கு வேலையைச் செய்யவில்லை என்பேன்.

இந்தப் பிரச்சினையையும் உலகுக்கு முதலில் கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் நம் மருத்துவர்களும், ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் வைத்து ஒரே இரட்டை மருந்தைக் கொடுத்தார்கள். ஓலைக் குடிசையில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டே குணமானவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் அந்த முடிவு சும்மா வரவில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள், விட்டவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். மருந்தை நேரில் பார்த்துக் கொடுக்கும் முறை பிற்பாடு உலகம் முழுக்கப் பரவ அந்த மையத்தின் ஆய்வுகள் பெரிய காரணம். காசநோய்க்கு ஓடிய அந்தக் கால்கள் புற்றுநோய்க்கு ஏன் ஓடக் கூடாது?

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் சென்னையில் நடந்த சண்டை. இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்கு, அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. இந்தியாவில் அந்த நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் விற்றபோது, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை எட்டாயிரம், பத்தாயிரத்தில் கிடைத்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்மனு போட்டது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், காப்புரிமைச் சட்டப் பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. அந்த நிறுவனம் ஏராளமான நோயாளிகளுக்கு இலவசமாகவும் மாத்திரை கொடுத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இலவசம் ஒருவர் விருப்பம். மலிவு விலை எல்லோருக்கும் கிடைக்கும் உரிமை. மருந்து எதிர்ப்பைப் பற்றிய பாடப்புத்தகத்தில் இந்த வழக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடையறாமல் மாத்திரை போகும் உடம்பில் மிஞ்சும் செல்கள் குறைவு. செல்கள் குறைந்தால் அவை பிரியும் தடவைகள் குறையும், புதிய பிழைக்கு வாய்ப்பும் குறையும்.

அந்தக் குறைவு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 2010இல் பிரான்சில் ஃபிரான்சுவா மஹோன் வெளியிட்ட ஆய்வு சாட்சி. இரண்டு ஆண்டுக்கு மேலாக மிக நுட்பமான பரிசோதனையிலும் நோய் தென்படாத 100 பேருக்கு, கண்காணிப்போடு இமாடினிபை நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் நாற்பது விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மறுபடி மாத்திரை கொடுத்தபோது நோய் மறுபடி கட்டுப்பட்டது. ஆழமாக அடங்கிய நோயில், அடங்காத வம்சம் தலைதூக்க இடமே இல்லாமல் போயிருந்தது என்று இதைப் படிக்கிறேன்.

ஆகவே அளந்து பார்ப்பதுதான் முக்கியம். மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் கலப்பு மரபணுவின் அளவு பத்து விழுக்காட்டுக்குள் வர வேண்டும், ஆறு மாதத்தில் ஒன்றுக்குள், ஓராண்டில் 0.1க்குள். இதை அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனை மாத்திரையைவிடச் செலவாகிவிட்ட நிலைமை பலருக்கு இருக்கிறது. அதனால் ரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து "எல்லாம் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்புகிறோம். எண்ணிக்கை நார்மலாக இருக்கும்போதே அடியில் அடங்காத செல்கள் பெருகிக்கொண்டிருக்க முடியும். அளவு இறங்காதவரிடம் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை எப்படிப் போகிறது என்பதை; அதட்டாமல், உட்காரவைத்து. அது சரியாக இருந்தால் உடனே பிழையைத் தேடும் பரிசோதனை. 315 என்று வந்தால் மருந்தை மாற்றுவதில் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம். பி.சி.ஆர். பரிசோதனைக்கு நோயாளி சென்னைக்கு வர வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவக் கல்லூரியில் ரத்தம் எடுத்து, கெடுவதற்கு முன் குளிர்ப்பெட்டியில் அனுப்பிவிடலாம். மருந்து வாங்க வராதவருக்கு மறுநாளே ஒரு போன் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமல் இவை மூன்றையும் நாளைக்கே தொடங்கிவிட முடியும். அவையில் தஞ்சையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இதில் எது முதலில் சாத்தியம், எது முட்டுக்கட்டை என்று நீங்கள் சொல்லக் கேட்பதற்காகத்தான் கடைசி அரைமணி நேரத்தை விட்டுவைத்திருக்கிறேன். மைக்கை உங்கள் பக்கம் அனுப்பச் சொல்கிறேன்.